ராய் மில்டனின் இசைத்தட்டுகள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

ராக் அண்ட் ரோலின் முன்கதையை எழுதுகிறவர்கள் ராய் மில்டனுக்கு வழக்கமாக ஒரு பத்தி ஒதுக்குவார்கள். 1945 கடைசியில் ‘ஆர்.எம். ப்ளூஸ்’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அது அமோகமாக விற்றது. அந்த விற்பனையில் காலூன்றிக்கொண்ட இசைத்தட்டு நிறுவன முதலாளி ஆர்ட் ரூப் பத்து வருஷம் கழித்து ஸ்பெஷால்டி நிறுவனத்தில் லிட்டில் ரிச்சர்டைப் பதிவு செய்தார். பத்தி அங்கேயே முடிந்துவிடும். மில்டனின் 19 பாட்டுகள் பில்போர்டு பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவை என்பதும், ஐம்பதுகளில் தெருவுக்குத் தெரு வாசிக்கப்பட்ட அந்தக் கனமான பின்னடித் தாளம் (இரண்டாவது, நாலாவது அடிகளில் விழும் அழுத்தம்) நாற்பதுகளிலேயே அவர் கையில் முழுசாக உருவாகியிருந்தது என்பதும் அதில் இருக்காது.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். சின்னக் குழு பெரிய சத்தம் எழுப்பும் நடன இசையான ஜம்ப் ப்ளூஸ் என்றதும் நினைவுக்கு வருகிற லூயி ஜோர்டனிடம் சிரிக்கச் சிரிக்கக் கதை இருக்கிறது. வைனோனி ஹாரிஸிடம் கூரையைப் பிய்க்கும் குரல். டி-போன் வாக்கரிடம் கிட்டார். மில்டன் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். குரல் சற்று மூக்கால் வருகிற, அலட்டிக்கொள்ளாத குரல். மேற்கோள் காட்ட ஒரு வரியோ, நகலெடுக்க ஒரு கிட்டார் துணுக்கோ கிடைக்காது. அவருடைய சரக்கெல்லாம் தாளநடையில் இருக்கிறது. மட்டமான நகலில், தவறான ஊசியில், தவறான சமன்பாட்டில் (உயர், தாழ் அதிர்வெண்களின் அளவைச் சரிசெய்யும் ஈக்வலைசேஷனில்) கேட்கும்போது முதலில் செத்துப்போவதும் அதுதான். மில்டன் கவனிக்கப்படாமல் போனதில் பாதிப் பழியை மோசமான மறுவெளியீடுகள் மேல் போடலாம் என்பது என் கட்சி.

மில்டன் 1907-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். பாட்டி சிக்கசா பழங்குடியைச் சேர்ந்தவர். டல்ஸா நகரை மையமாக வைத்து ஊர் ஊராகச் சுற்றிய எர்னி ஃபீல்ட்ஸ் இசைக்குழுவில் பாடகராகச் சேர்ந்து, அங்கேயே டிரம்ஸுக்கும் வந்தார். 1930-களில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் ‘சாலிட் செண்டர்ஸ்’ என்று சொந்தக் குழு அமைத்தார். 1944-இல் ஜூன் ரிச்மண்ட் என்ற பாடகியோடு சில ‘சவுண்டி’ படங்களில் குழுவோடு தலைகாட்டினார். பார்களில் நின்ற ஒரு பெட்டியில் பத்து சென்ட் போட்டால் ஓடிய மூன்று நிமிடக் குறும்படங்கள் அவை. குழு எப்படி உட்கார்ந்து வாசித்தது என்று கண்ணால் பார்க்க நமக்கு மிஞ்சியிருப்பவற்றில் இவை முக்கியமானவை.

குழு ஏன் சிறியது என்பதற்குக் கலைக் காரணத்தைவிடப் பணக் காரணம் வலுவானது. போர்க்காலத்தில் பெட்ரோலும் டயரும் ரேஷனில் இருந்தன. பதினைந்து பதினாறு பேர் கொண்ட குழுவைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகப் போவது கட்டுப்படியாகவில்லை. 1944 ஏப்ரலில் நடனமோ பாட்டோ நடக்கிற கேளிக்கை விடுதிகளின் பில் மேல் அமெரிக்க அரசு 30 சதவீத வரி போட்டது. சில மாதங்களில் 20-ஆகக் குறைத்தாலும் அடி விழுந்தது விழுந்ததுதான். பெரிய குழுக்கள் கலைந்தன. ஆனால் நடனமாட வந்தவர்களுக்குப் பெரிய குழுவின் சத்தம்தான் வேண்டியிருந்தது. ஆறேழு பேரை வைத்துப் பதினாறு பேர் சத்தம் எழுப்புவது எப்படி என்பதே அன்றைய தொழில்நுட்பக் கேள்வி. ஜம்ப் ப்ளூஸ் அதற்குக் கிடைத்த பதில்.

ஆறு பேர் என்ன செய்தார்கள்

‘ஆர்.எம். ப்ளூஸ்’ காலத்துக் குழுவில் ஒரு டிரம்பெட், ஒரு ஆல்டோ சாக்ஸ், ஒரு டெனர் சாக்ஸ், பியானோ, பாஸ், டிரம்ஸ். டிரம்பெட் ஹோசியா சாப், டெனர் பட்டி ஃப்ளாய்ட், பாஸ் டேவ் ராபின்சன், பியானோ கமீல் ஹவர்ட். கிட்டார் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போலியைப் பிடிக்க உதவும்.

மூன்று ஊதுகருவிகளை வைத்துக் கனம் காட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுப்பின்) அடிச்சுரத்தை பாஸும் பியானோவின் இடது கையும் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும். அதையே சாக்ஸிலும் வாசித்தால் ஒரு ஆள் வீண். எனவே ஊதுகருவிகளுக்கு மூன்றாம் சுரம், ஏழாம் சுரம், மேலே ஐந்தாவதோ ஒன்பதாவதோ ஒன்று என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஸி7 கார்டுக்கு ஈ, பி ஃப்ளாட், மேலே ஜி அல்லது டி. அடுத்து எஃப்7-க்குப் போகும்போது ஈ அரைச்சுரம் இறங்கி ஈ ஃப்ளாட் ஆகிறது, பி ஃப்ளாட் அரைச்சுரம் இறங்கி ஏ ஆகிறது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு விரல் மாற்றினால் முழுக் குழுவும் நகர்ந்த மாதிரி கேட்கும். ப்ளூஸில் முக்கால்வாசி நகர்வு இந்த இரண்டு கார்டுகளுக்கு இடையில்தான். ஒத்திகை குறைவு, ஒலி பெரிது. பெரிய குழுக்களில் ஊறி வந்த கலைஞர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இனி தாளம். ஷஃபிள் என்பதை நம் ஊர்க் காதுக்குச் சொல்வது சுலபம். நாலு அடி கொண்ட ஒரு பார். ஒவ்வொரு அடியையும் திஸ்ர நடையில் ‘தகிட’ என்று பிரியுங்கள். ‘த’வையும் ‘ட’வையும் ஒலித்து, ‘கி’யை விழுங்கிவிடுங்கள். த–ட, த–ட, த–ட, த–ட. இதைப் பியானோவின் இடது கை உருட்டிக்கொண்டே இருக்கும். பாருக்கு எட்டுச் சுரம். பாஸ் நாலு அடியிலும் நடக்கும். இரண்டாவது, நாலாவது அடிகளில் ஸ்நேர் டிரம்மில் அழுத்தம் விழும். இந்தப் பின்னடிதான் மில்டனின் கையெழுத்து. அந்தக் காலத்துப் பெரும்பாலான ஸ்விங் டிரம்மர்கள் காலடியில் நாலையும் சமமாக வைத்து, மேலே சிம்பலில் விளையாடுவார்கள். பின்னடியை அழுத்தினாலும் கடைசிச் சுற்றில் சூடு ஏற்றுவதற்காகத்தான். மில்டன் அதைப் பாட்டின் அஸ்திவாரத்துக்கே கொண்டுவந்தார்.

இன்றைய குழுக்கள் இதை வாசிக்கும்போது கெடுப்பது பெரும்பாலும் நாலு இடங்களில். முதலாவது, வேகத்துக்கு ஏற்ற சாய்வு இல்லாமை: மெதுவான ஷஃபிளில் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் பொருந்தும், வேகம் கூடக்கூட அது தானாகவே சமத்தை நோக்கி நகர வேண்டும், வேகப் பாட்டிலும் இரண்டுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் குதிரை நொண்டுவது போல் இருக்கும். இரண்டாவது, டிரம்மர் எல்லா அடியையும் ஓங்கி அடித்துவிடுவது. பின்னடி எடுபட வேண்டுமானால் முதல் அடியும் மூன்றாவது அடியும் தணிய வேண்டும். மூன்றாவது, பியானோவின் இடது கையும் எலக்ட்ரிக் பாஸும் ஒரே ஸ்தாயியில் மோதிக்கொண்டு சேறாவது. 1945-இன் பாஸ் வயலின் குடும்பத்துப் பெரிய மரப் பாஸ். அதன் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், பியானோவுக்கு இடம் விடும். எலக்ட்ரிக் பாஸ் வைத்துக்கொண்டு வாசிப்பதானால் சுரங்களைக் குறுக்கி வாசிக்கச் சொல்ல வேண்டும், அல்லது பியானோ இடது கையை ஒரு ஸ்தாயி மேலே ஏற்ற வேண்டும். நாலாவது, மெல்ல மெல்ல வேகம் கூடி ஓடிவிடுவது. பாடிக்கொண்டே டிரம்ஸ் வாசித்ததால் மில்டனுக்கு இந்தத் தொல்லை குறைவு என்று நினைக்கிறேன். மூச்சு வாங்க நேரம் வேண்டும் என்றால் கை தானாக அடங்கும்.

ஒரு இசைத்தட்டை உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். 12 பார் ப்ளூஸில் முதல் கார்டு நாலு பார், நாலாம் கார்டு இரண்டு, மறுபடி முதல் கார்டு இரண்டு, ஐந்தாம் கார்டு ஒன்று, நாலாம் கார்டு ஒன்று, முதல் கார்டு இரண்டு. பாருக்கு நாலு அடி வீதம் ஒரு சுற்றுக்கு 48 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் ஒரு சுற்று 24 விநாடி. பத்து அங்குல 78 இசைத்தட்டின் (அரக்கில் செய்தது, நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்வது) ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் கொள்ளும். ஆகவே ஏழு சுற்று, அவ்வளவுதான் முதலீடு. அதில் முன்னுரை, பாட்டு, சாக்ஸ் தனி, மறுபடி பாட்டு, முடிவு எல்லாம் அடங்க வேண்டும். மேடையில் பத்து நிமிடம் ஓட்டிய பாட்டை ஏழு சுற்றுக்குள் எதைவிட்டு எதை வைப்பது என்பதில்தான் ஒரு குழுத்தலைவரின் மூளை தெரியும். அமெரிக்க ஸ்டூடியோக்களில் டேப் பரவ இன்னும் சில வருஷம் இருந்தது. இசை நேரே வட்டில் வெட்டப்பட்டது. ஒட்டவோ வெட்டவோ வழி இல்லை. ஏழாவது சுற்றில் ஒருவர் சொதப்பினால் ஏழும் போச்சு.

கமீல் ஹவர்டின் வலது கை

இந்தக் குழுவின் இன்னொரு பாதி கமீல் ஹவர்ட். 1914-இல் டெக்சஸின் கால்வெஸ்டனில் பிறந்தவர். அவருக்கு முன் குழுவில் பியானோ வாசித்த பெட்டி ஹால் ஜோன்ஸும் பெண்தான். ஹவர்ட் நாற்பதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். ஜூக் பாக்ஸ், ஸ்பெஷால்டி என்ற ரூப்பின் இரண்டு நிறுவனங்களில் வந்த மில்டனின் வெற்றிகளில் கேட்கும் பியானோ அவருடையது. 1947-இல் வந்த ‘த்ரில் மீ’யில் பாடியதும் அவர்தான். அது ஐந்தாம் இடம் வரை போனது.

அவரைத் தனியாகக் கேட்க ‘எக்ஸ்-டெம்பரேனியஸ் பூகி’யில் தொடங்குங்கள். பூகி என்பது இடது கை ஒரே உருட்டலை விடாமல் வாசிக்கும் பியானோ நடை. அதன் பின்னணி கொஞ்சம் தொழிற்சங்க அரசியல். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1948 ஜனவரி 1 முதல் இசைப்பதிவுக்குத் தடை அறிவித்திருந்தார். நிறுவனங்களெல்லாம் 1947-இன் கடைசி வாரங்களில் ராத்திரி பகலாகப் பதிவு செய்து சரக்குச் சேர்த்தன. மில்டனின் அப்படியொரு அமர்வின் வாலில், டிசம்பர் 31 அன்று, ஹவர்ட் அங்கேயே கற்பனையாக வாசித்ததாகச் சொல்லப்படுவது இந்தத் துண்டு. 1948-இல் வெளியாகி ஏழாம் இடத்தைத் தொட்டது. இடது கை இயந்திரம் மாதிரி உருள, வலது கை மேல் ஸ்தாயியில் மும்மூன்றாகச் சிதறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது வேகத்தை விட இரண்டு கைகளின் பிரிவு. வலது கை எவ்வளவு பின்னே இழுத்தாலும் முன்னே தாவினாலும் இடது கை அசைவதில்லை. பியானோ கற்கிறவர்கள் இடது கையை மட்டும் ஒரு வாரம் பாடிக்கொண்டே வாசித்துவிட்டு வலது கையைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆரம்பித்தால் இடது கை வலது கையோடு ஓடிப்போகும்.

ஹவர்ட் 1950-களில் பதிவுகளை நிறுத்திவிட்டார். ராக் அண்ட் ரோல் வந்தது ஒரு காரணம், அவருடைய ஆழ்ந்த மத நம்பிக்கை இன்னொரு காரணம். 1993-இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார்.

ஸ்டாப்வாட்ச் பிடித்த முதலாளி

ஆர்ட் ரூப் இசை தெரிந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர் அல்ல. கணக்குப் பார்த்து வந்தவர். 200 டாலருக்குக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளை வாங்கிவந்து, தாளவேகம் அளக்கும் மெட்ரோனோமும் ஸ்டாப்வாட்சும் வைத்து எது விற்கிறது, ஏன் விற்கிறது என்று குறித்துக்கொண்டார். விற்ற பாட்டுகளின் தலைப்பில் ‘பூகி’ என்ற சொல் அடிக்கடி வருவதைக் கண்டு, தன் ஜூக் பாக்ஸ் நிறுவனத்தின் முதல் வெளியீட்டுக்கு ‘பூகி நம்பர் 1’ என்றே பெயர் வைத்தார். சீப்பியா டோன்ஸ் குழு வாசித்த அது 70,000 பிரதிகள் போனது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதே கணக்குதான் அவரை மில்டனிடம் கொண்டு சேர்த்தது. பெரிய குழுவின் ஒலி, சின்னக் குழுவின் செலவு: அவர் தேடியது அதுதான்.

1945 டிசம்பரில் பதிவான ‘ஆர்.எம். ப்ளூஸ்’ ஜூக் பாக்ஸ் 504-ஆக வந்தது. மறுபக்கம் ‘ரிதம் காக்டெயில்’. 1946-இல் கறுப்பர் இசைப் பட்டியலில் இரண்டாம் இடம், பொதுப் பட்டியலில் இருபதாம் இடம். அந்த வருஷமே ரூப் கூட்டாளிகளைப் பிரிந்து ஸ்பெஷால்டியைத் தொடங்கியபோது மில்டனும் கூடவே போனார். பாட்டும் போனது: அதே 504 என்ற எண்ணோடு ஸ்பெஷால்டி லேபிளிலும் பிரதிகள் உண்டு. ஜூக் பாக்ஸ் லேபிள்தான் முந்தியது. விலை கேட்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும்.

இடையில் மில்டோன் என்ற பெயரில் சொந்த லேபிள் முயற்சியும் உண்டு. லேபிளின் மேலேயே கேலிச்சித்திரம் அச்சிட்ட அந்தத் தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இசைக்காக மட்டும் வாங்குவதில்லை.

ஸ்பெஷால்டி காலத்தில் கேட்க வேண்டியவை என்று நான் சொல்வது: ‘மில்டன்ஸ் பூகி’ நடனத்துக்கு, 1948-இன் ‘ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்’ வேகத்துக்கு, அது மூன்றாம் இடம் வந்தது, 1950-இன் ‘இன்ஃபர்மேஷன் ப்ளூஸ்’, 1951-இன் ‘பெஸ்ட் விஷஸ்’ இரண்டும் இரண்டாம் இடம். ‘பெஸ்ட் விஷஸ்’ மெதுவான ப்ளூஸ். மில்டன் கத்தாமல் பாடுவதன் பலன் அதில்தான் முழுசாகத் தெரிகிறது. 1949-இல் எல்லோரும் பாடிய ‘ஹக்கில்பக்’கை அவரும் பாடி ஐந்தாம் இடம் பிடித்தார். பால் வில்லியம்ஸின் மூலப் பதிவோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் மில்டனின் பின்னடி எவ்வளவு கனம் என்பது விளங்கும். ஐம்பதுகளின் நடுவில் ஸ்பெஷால்டியைவிட்டு டூட்டோன், கிங் என்று மாறினார். அந்தப் பதிவுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. அவர் உருவாக்கிய தாளத்தை அவரைவிட இருபது இருபத்தைந்து வயது சின்னவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1970-இல் ஜானி ஓட்டிஸ் மான்டரே ஜாஸ் விழாவுக்குப் பழைய ஆட்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போனபோது மில்டனும் மேடையேறினார். அந்த நேரடிப் பதிவில் ‘ஆர்.எம். ப்ளூஸ்’ மறுபடி கேட்கலாம். 1983-இல் காலமானார்.

எந்தப் பிரதி

ஸ்ட்ரீமிங்கில் ‘ஆர்.எம். ப்ளூஸ்’ என்று தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் வரும். மில்டன் பிற்காலத்தில் கென்ட் நிறுவனத்துக்காகவும் பிரான்ஸின் பிளாக் அண்ட் ப்ளூவுக்காகவும் ஆல்பங்கள் செய்தார். தளங்கள் வருஷத்தைச் சரியாகப் போடுவதில்லை. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிட்டார் கேட்டால் அது 1945 அல்ல. பாஸ் நீண்டு முழங்கினால் அது எலக்ட்ரிக், 1945 அல்ல. ஹெட்ஃபோனில் டிரம்ஸ் ஒரு காதிலும் சாக்ஸ் மறு காதிலும் பிரிந்து வந்தால் அது ஸ்டீரியோ, அப்போதும் அல்ல. ஒலி இரண்டு பக்கமும் மங்கலாகப் பரவி, நடுவில் ஓட்டை விழுந்தது போல் இருந்தால் அது மோனோவைப் பிற்பாடு செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியது. இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்தாலும் முழுசாகச் சரியாகாது. விட்டுவிடுங்கள்.

சி.டி.யில் வாங்குவதானால் 1990-இல் ஸ்பெஷால்டி வரிசையில் வந்த ‘ராய் மில்டன் அண்ட் ஹிஸ் சாலிட் செண்டர்ஸ்’ முதல் தேர்வு. தொடர்ச்சியாக ‘க்ரூவி ப்ளூஸ்’, ‘ப்ளோயிங் வித் ராய்’ என்று இரண்டு தொகுதிகள். ஐரோப்பாவில் பழைய பதிவுகளுக்குப் பதிப்புரிமை 50 வருஷத்தில் காலாவதியானதால் மலிவுத் தொகுப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல, வேறொருவர் சி.டி.யையோ தேய்ந்த தட்டையோ எடுத்து, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் அளவுக்கு மீறி அலசியவை. சோதிக்க ஒரே இடம் போதும்: ஹவர்டின் வலது கை மேல் ஸ்தாயியில் ஓடுமிடம். சுரம் தொடங்கும் ‘டிக்’ தெளிவாக இருந்தால் நல்ல பிரதி. தண்ணீருக்குள் வாசிப்பது போலக் குழைந்து, சுரத்தின் வால் சட்டென்று அறுந்தால் அலசல் அதிகம். அலசலில் போவது கரகரப்பு மட்டுமல்ல, ஸ்நேரின் சரசரப்பும்தான். பின்னடி போய்விட்டால் மில்டனில் மிச்சம் என்ன?

அசல் 78 கையில் கிடைத்தால்

எல்.பி. (33 வேக வினைல் தட்டு) ஊசியில் போடாதீர்கள். எல்.பி. ஊசிமுனையின் ஆரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. 78-க்கு ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது சுமார் 76 மைக்ரான். சிறிய முனை பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்திருக்கும் தூசியையும் தேய்மானத்தையும் வாசிக்கும். சுவரில் இருக்கும் இசை தொலைவில் கேட்கும். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி. வி.எம்.95 எஸ்.பி. போன்ற 78 ஊசிக்கு 5 கிராம் அழுத்தம் வைக்க வேண்டும், எல்.பி.யின் 2 கிராமிலேயே விட்டுவிட்டால் உரத்த சாக்ஸ் வரும் இடங்களில் முனை துள்ளி இரையும். பரணில் பழைய தமிழ் 78 தட்டுகள் கிடந்தால் அவற்றுக்கும் இதே ஊசி போதும்.

வேகம் அடுத்தது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் தரம் 78.26 சுற்று. விளக்கடியில் வைத்து வேகம் பார்க்கும், கோடு போட்ட சோதனை வட்டில் அதற்கு 92 கோடுகள்; வேகம் சரியானால் கோடுகள் நிற்பது போல் தெரியும். நம் 50 ஹெர்ட்ஸுக்கான வட்டில் 77 கோடுகள், அது காட்டுவது 77.92 சுற்று. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே, காதுக்குத் தெரியாது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் வட்டை இங்கே நம் விளக்கடியில் வைத்து வேகத்தைத் திருகினால் எல்லாம் தப்பாகும். பெரும்பாலான எல்.இ.டி. பல்புகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை என்பதால் கோடுகள் நிற்கவே நிற்காது. நியான் விளக்கு வேண்டும். வட்டு இல்லையென்றால் பியானோவே போதும். ஆறு சதவீத வேகப் பிழை ஒரு முழு அரைச்சுரத்தை நகர்த்தும், மூன்று சதவீதம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கொண்டு நிறுத்தும். ட்யூன் செய்த கீபோர்டோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டையிலும் பொருந்தாமல் சுரம் நடுவில் தொங்கினால் வேகம் தவறு. நீண்ட பியானோ சுரம் அலையடித்தால் நடுத்துளை மையத்தில் இல்லை. தட்டைச் சற்றே நகர்த்திப் பார்த்துப் பொருத்தலாம்.

டர்ன்டேபிளில் 33-உம் 45-உம் மட்டும்தான் என்றால் 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் வேகத்தை 73.9 சதவீதம் கூட்டுங்கள். சுருதியும் சேர்ந்து உயர வேண்டும். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியைத் தொட்டுவிடாதீர்கள். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. ஊசியின் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பில் உள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க இசைத்தட்டுத் துறையின் பொதுத்தர) சமன்பாடு மெதுவான வேகத்தில் தவறான அதிர்வெண்களில் வேலை செய்யும். ஆகவே சமன்பாடு இல்லாத ப்ரீஆம்பில் பதிவு செய்து, வேகத்தைச் சரிசெய்த பிறகே சமன்பாட்டைப் போட வேண்டும்.

சரியான வேகத்தில் ஓட்டினாலும் ஆர்.ஐ.ஏ.ஏ. இதற்குப் பொருந்தாது. அது 1954-இல் பொதுத்தரமானது. மில்டனின் முக்கியத் தட்டுகள் அதற்கு முந்தியவை. ஆர்.ஐ.ஏ.ஏ. 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கிறது. 1940-களின் சிறு நிறுவனத் தட்டுகளுக்கு இவ்வளவு குறைப்பு அதிகம், அதனால்தான் கம்பளி போர்த்தியது போல் கேட்கிறது. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றி 10 கிலோஹெர்ட்ஸில் 2 முதல் 8 டெசிபல் வரை கூட்டிப் பாருங்கள். எங்கே நிறுத்துவது என்பதை ஸ்நேரை வைத்து முடிவு செய்யுங்கள்: பின்னடி முன்னுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் ஏற்றினால் கரகரப்புதான் கூடும். 8, 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இத்தகைய தட்டுகளில் இசை அதிகம் இல்லை, அங்கே தாராளமாக வெட்டலாம். பதிவை மோனோவாகக் கலந்துவிடுங்கள். 78-இன் பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே ஆடுவது. இரண்டு சேனலையும் கூட்டினால் ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் ரத்தாகிவிடும்.

கழுவுவதற்கு ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எல்.பி. திரவம் எதுவும் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். பளபளப்பு போய், பள்ளமும் போகும். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மென்மயிர்த் தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் நீரில் அலசி, உடனே ஒற்றி எடுங்கள். லேபிளில் நீர் படக்கூடாது. ஊறவும் வைக்காதீர்கள், ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் நீர் உள்ளே இறங்கி உதிர வைக்கும். காயவைக்க வெயில் வேண்டாம், வளைந்துவிடும். நிறுத்தி வைத்தே சேமியுங்கள், படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும்.

ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஸ்பெஷால்டி அதே பாட்டுகளை 45 வேகத் தட்டிலும் வெளியிட்டது. ‘பெஸ்ட் விஷஸ்’ போன்ற பிற்காலப் பாட்டுகளுக்கு 45 கிடைத்தால் அதையே எடுங்கள்: வினைல், இரைச்சல் குறைவு, சாதாரண ஊசியே போதும். கமீல் ஹவர்டுக்குத் தனியாக ‘ராக் மீ டாடி’, ‘எக்ஸ்-டெம்பரேனியஸ் பூகி’ என்று இரண்டு சி.டி. தொகுதிகள் உண்டு, இரண்டாவது தொகுதி கையில் சிக்கினால் முதலாவதற்குக் காத்திருக்க வேண்டாம்.